பாறசாலைக் கூரையும் கார்பன் நானோகுழாயும்: அளக்கப்படாத ஓர் ஆண்டு

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் பாப்பனங்கோட்டைக் கடக்கும்போது, அறிவியல் தொழிலக ஆய்வு மன்றத்தின் தேசிய ஆய்வு நிறுவனங்களுள் ஒன்றான என்.ஐ.ஐ.எஸ்.டி. அமைந்துள்ளது. அதே சாலை பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, உதியன்குளங்கரை வழியாகப் பாறசாலையை அடைந்து, களியக்காவிளையில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. ஆய்வகத்துக்கும் பாறசாலைக்கும் இடைப்பட்ட தொலைவு முப்பது கிலோமீட்டருக்கும் குறைவு. ஆயினும் சூரிய மின்கலம் பற்றி ஆய்வகங்களில் கேட்கப்படும் கேள்விகளும், அச்சாலையின் இருமருங்கிலும் உள்ள கூரைகள் எழுப்பும் கேள்விகளும் இன்னும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

கரிமச் சூரிய மின்கலத்தில் கார்பன் நானோகுழாயைச் சேர்த்து அதன் திறனை உயர்த்துவது என்பது இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தென்னிந்தியப் பல்கலைக்கழகங்களில் விரும்பித் தேர்ந்தெடுக்கப்படும் ஆய்வுத் தலைப்பு. அத்தலைப்பு தவறானதன்று. ஆனால் நானோகுழாயை மின்கலத்தின் எந்த அடுக்கில் வைப்பது, அதன் பயனை எதைக்கொண்டு அளப்பது என்னும் இரண்டு முடிவுகளும் பழக்கத்தின் போக்கில் எடுக்கப்படுகின்றன. ஒளியை உறிஞ்சும் அடுக்கைவிட மின்வாயே நானோகுழாய்க்கு உரிய இடம். முதல்நாள் திறனைவிட இரண்டு பருவமழைகளைத் தாண்டிய ஆயுளே உரிய அளவுகோல். இவ்விரண்டையும் ஏற்றுக்கொண்டால், எல்லையோரக் கல்லூரிகளின் எளிய ஆய்வகங்களுக்கும் உலக அளவில் மதிப்புள்ள ஒரு பணி கிடைக்கும்.

முதலில், கரிமக் கலம் எதற்காக என்னும் கேள்வி. சந்தையில் கிடைக்கும் சிலிக்கான் பலகைகள் இன்று 20 சதவீதத்துக்கு மேற்பட்ட திறனுடன் விற்கப்படுகின்றன. இருபத்தைந்து ஆண்டு உத்தரவாதமும் உண்டு. கான்கிரீட் கூரை உள்ளவருக்கு வேறெதுவும் தேவையில்லை. ஆனால் பாறசாலை, காரோடு, பொழியூர்ப் பகுதிகளில் ஓட்டுக்கூரைகளும் ஆஸ்பெஸ்டாஸ் தகட்டுக் கூரைகளும் இன்னும் பல உள்ளன. கண்ணாடி போர்த்திய சிலிக்கான் பலகை, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 10 முதல் 12 கிலோ எடையுள்ளது. அதனைத் தாங்கும் இரும்புச் சட்டம் வேறு. பழைய மரச்சட்டங்களின் மேல் அடுக்கிய ஓடுகள் இந்தச் சுமைக்காக அமைக்கப்பட்டவையல்ல. நெகிழித் தாளில் அச்சிடப்படும் கரிமக் கலத்தின் எடையோ சதுர மீட்டருக்கு ஒரு கிலோவுக்கும் குறைவாக இருக்க இயலும். மேகம் மூடிய வானத்தின் சிதறிய ஒளியிலும் அது ஓரளவு நன்றாகவே இயங்கும். தென்னை நிழலும் மழைமேகமும் நிறைந்த ஒரு நாட்டுக்கு இவை சிறிய நன்மைகள் அல்ல.

இந்தக் கலத்தின் வரலாறு நெடியது. 1986ஆம் ஆண்டு ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தில் சிங் டாங், இரண்டு கரிம அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஏறத்தாழ 1 சதவீதத் திறனைப் பெற்றார். 1992இல் சரிசிஃப்ட்சி, ஹீகர் ஆகியோரின் குழு, ஒளிபட்ட பாலிமரிலிருந்து ஃபுல்லரீனுக்கு எலக்ட்ரான் மிக விரைவாகத் தாவுவதைக் காட்டியது. 1995இல், எலக்ட்ரானை வழங்கும் பொருளையும் ஏற்கும் பொருளையும் ஒரே அடுக்காகக் கலந்துவிடும் முறை வந்தது. கடத்தும் பாலிமர்களுக்காக ஹீகர், மெக்டயர்மிட், ஷிரகாவா ஆகிய மூவருக்கும் 2000ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இரு பொருள்களையும் கலக்க வேண்டிய தேவை ஏன் வந்தது என்பதை மாணவர் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். சிலிக்கானில் ஒளி பட்டதும் எலக்ட்ரானும் துளையும் எளிதில் பிரிந்துவிடுகின்றன. கரிமப் பொருளில் அவை ஒன்றோடொன்று பிணைந்த இணையாக, எக்ஸைட்டான் என்னும் நிலையில் இருக்கின்றன. அந்த இணை ஏறத்தாழ 10 நானோமீட்டர் தொலைவுக்குள் ஓர் எல்லைப் பரப்பை அடைந்தால் பிரியும், அடையாவிட்டால் வீணாகும். பிரிந்த பின்னரும் எலக்ட்ரான், ஒழுங்கற்ற மூலக்கூறுகளுக்கிடையே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவித்தாவித்தான் மின்வாயை அடைய வேண்டும். வழியில் துளையைச் சந்தித்தால் இரண்டும் அழிந்துவிடும்.

நானோகுழாய் இவ்விடத்தில்தான் கற்பனையைத் தூண்டியது. 1991இல் ஜப்பானின் என்.இ.சி. ஆய்வகத்தில் சுமியோ இயிஜிமா பல்சுவர் நானோகுழாய்களை விவரித்தார். மறு ஆண்டே அதே ஆய்வகத்தில் தாமஸ் எப்பெசனும், கேரளத்தின் கொடுங்ஙல்லூரைச் சேர்ந்த புலிக்கல் அஜயனும் அவற்றைப் பெருமளவில் உருவாக்கும் வழியை வெளியிட்டனர். தாவித்தாவி நகரும் எலக்ட்ரானுக்கு ஒரு நெடுஞ்சாலை கிடைத்துவிட்டது என்று பலர் எண்ணினர். 2002இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இம்மானுவேல் கிமாகிஸும், இலங்கையரான கெஹான் அமரதுங்கவும், ஒற்றைச்சுவர் நானோகுழாயைப் பாலிமருடன் கலந்து சூரிய மின்கலம் செய்தனர். நானோகுழாய் சேர்த்ததும் மின்னோட்டம் பன்மடங்கு உயர்ந்தது. ஆனாலும் கலத்தின் திறன் 1 சதவீதத்தை எட்டவில்லை. மிகக் கீழேயே நின்றது. அக்கட்டுரை ஒரு வாயிலைத் திறந்தது என்பதில் ஐயமில்லை. அவ்வாயில் வழியாகச் சென்றவர்கள் கண்டவையே சிக்கல்கள்.

முதற்சிக்கல் நானோகுழாயின் இயல்பிலேயே உள்ளது. கார்பன் தாள் எந்தக் கோணத்தில் சுருண்டிருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரு குழாய் உலோகமாகவோ குறைகடத்தியாகவோ அமைகிறது. பிரிக்கப்படாத ஒற்றைச்சுவர்க் குழாய்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உலோகத் தன்மையுடையவை. ஒளி உறிஞ்சும் அடுக்குக்குள் இருக்கும் உலோகக் குழாய், எலக்ட்ரானும் துளையும் வந்து மடியும் இடமாகிவிடும். இரண்டாவது, நீளம். அந்த அடுக்கின் தடிமன் பெரும்பாலும் 100 நானோமீட்டர் அளவில் இருக்கும். நானோகுழாயோ ஆயிரம் நானோமீட்டரையும் தாண்டி நீளும். சற்றே நிமிர்ந்து நிற்கும் ஒரு குழாய் போதும், இரு மின்வாய்களையும் நேரே இணைத்துக் குறுக்குச்சுற்றை உண்டாக்கிவிட. மூன்றாவது, குழாய்கள் தம்முள் ஒட்டிக் கற்றையாகும் இயல்பு. நான்காவது, உற்பத்தியின்போது தங்கிவிடும் இரும்பு, நிக்கல், கோபால்ட் போன்ற வினையூக்கி எச்சங்கள். குழாய்களை வகைபிரிக்க 2006இல் அடர்த்திச் சரிவு மையவிலக்கு முறை வந்தது. அது நுட்பமானது, செலவு மிகுந்தது.

இதற்கிடையே வேதியியலாளர்கள் வேறு வழியில் முன்னேறிவிட்டனர். ஃபுல்லரீனுக்குப் பதிலாகப் புதிய ஏற்பி மூலக்கூறுகளை வடிவமைத்தனர். 2015இல் ஐ.டி.ஐ.சி. என்னும் மூலக்கூறும், 2019இல் ஒய்6 என்னும் மூலக்கூறும் சீன ஆய்வுக்குழுக்களிடமிருந்து வந்தன. ஒய்6 பயன்படுத்திய கலம் 15.7 சதவீதத் திறனைத் தொட்டது; அதன் வழிவந்தவை இன்று சிறிய கலங்களில் 20 சதவீதத்தை எட்டிவிட்டன. இந்த உயர்வில் நானோகுழாய்க் கலவைக்குப் பங்கில்லை.

ஆயினும் நானோகுழாயை ஒளி உறிஞ்சும் அடுக்கில் கலந்து "30 சதவீத முன்னேற்றம்" கண்டதாகக் கூறும் ஆய்வேடுகள் இன்னும் எழுதப்படுகின்றன. அந்தக் கணக்கைச் சற்றே பிரித்துப் பார்க்கலாம். நானோகுழாய் சேர்க்காத ஒப்பீட்டுக் கலத்தின் திறன் 2 சதவீதம், சேர்த்த கலத்தின் திறன் 2.6 சதவீதம் என்று கொள்வோமானால், முன்னேற்றம் 30 சதவீதம் என்பது எண்கணிதப்படி சரியே. ஆனால் பி3எச்டி, பிசிபிஎம் ஆகியவற்றைக் கொண்டு நன்கு செய்யப்பட்ட ஒரு சாதாரணக் கலமே 3.5 சதவீதத்துக்குக் குறையாமல் தரும். அப்படியானால் நானோகுழாய் சேர்த்த கலம், நன்கு செய்யப்பட்ட சாதாரணக் கலத்தைக்கூட எட்டவில்லை. முன்னேற்றம் என்று அறிவிக்கப்பட்டது, சரியாகச் செய்யப்படாத ஒப்பீட்டுக் கலத்தின் குறைபாட்டில் ஒரு பகுதியை ஈடுகட்டியது மட்டுமே. எத்தனை கலங்கள் செய்யப்பட்டன, சராசரி என்ன, சிதறல் என்ன என்பவை சொல்லப்படாதபோது, சிறந்த ஒரே கலத்தின் எண் முழுச் சித்திரத்தையும் மறைத்துவிடுகிறது.

இதற்கு மாணவரைக் குற்றம் சொல்லுதல் அநீதி. ஆய்வேட்டை ஒப்படைக்கக் கட்டுரை வெளியாக வேண்டும். கட்டுரை வெளியாக முன்னேற்றம் காட்டப்பட வேண்டும். உதவித்தொகையோ குறித்த ஆண்டுகளுக்கு மட்டுமே. நைட்ரஜன் நிரப்பிய கையுறைப் பெட்டி இல்லாத ஆய்வகத்தில் நல்ல ஒப்பீட்டுக் கலம் செய்வது கடினம் என்பதை நெறியாளரும் அறிவார், தேர்வாளரும் அறிவார். தொழில்நுட்பம் பழகுவதற்காவது இது உதவுகிறதே என்று வாதிடுவோர் உண்டு. அவ்வாதத்தில் உண்மை இருக்கிறது. மெல்லிய படலம் பூசவும் மின்னோட்ட–மின்னழுத்த வளைவை வரையவும் கற்ற மாணவர் எங்கும் பயன்படுவார். ஆனால் பயிற்சிக்காகச் செய்த ஒன்றைக் கண்டுபிடிப்பாக அறிவிக்கப் பழகுவதும் ஒரு பயிற்சியே. நல்ல ஒப்பீடு இல்லாமலும் ஒரு முடிவைச் சொல்லிவிடலாம் என்னும் பாடத்தை ஐந்தாண்டுகளில் கற்றவர், பின்னர் அதையே தம் மாணவர்க்குக் கற்பிப்பார்.

இதற்கு மாறான ஒரு முன்மாதிரி 2006ஆம் ஆண்டிலேயே கிடைத்தது. அவ்வாண்டு அமெரிக்க ஆய்வாளர் குழு ஒன்று, நானோகுழாய்களை ஒளி உறிஞ்சும் அடுக்கில் கலக்காமல், ஒளிபுகும் மின்வாயாக நெகிழித் தாளில் வலைபோலப் படியவைத்தது. அந்தக் கலத்தின் திறன் 2.5 சதவீதம். கண்ணாடியில் இண்டியம் டின் ஆக்சைடு பூசிச் செய்த ஒப்பீட்டுக் கலத்தின் திறன் 3 சதவீதம். அதாவது நானோகுழாய்க் கலம் ஒப்பீட்டைவிடக் குறைந்த திறனையே தந்தது. ஆய்வாளர்கள் அதனை மறைக்கவுமில்லை. கண்ணாடி இல்லாமல், இண்டியம் இல்லாமல், வளைத்தாலும் இயங்கும் ஒரு கலம் ஒப்பீட்டுக்கு இத்தனை அருகில் வந்துவிட்டது என்பதே அக்கட்டுரையின் செய்தி. முன்னேற்றம் என்ற சொல்லுக்குத் திறன் உயர்வு என்ற ஒரே பொருள் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

மின்வாயில் நானோகுழாய் பொருந்துவதற்குக் காரணங்கள் உண்டு. அங்கே உலோகக் குழாய்கள் இடையூறு செய்வதில்லை; மின்னோட்டத்தைக் கடத்த உதவுகின்றன. நீளமும் குறையாக இல்லாமல் நன்மையாகிறது. நீண்ட குழாய்களின் வலையில் சந்திகள் குறைவு, ஆகவே தடையும் குறைவு. இண்டியம் டின் ஆக்சைடு பீங்கான் போன்று உடையும் தன்மையுடையது. நெகிழித் தாளை வளைக்கும்போது விரிசல் விடும். இண்டியமோ பெரும்பாலும் துத்தநாகச் சுரங்கங்களின் துணைப்பொருளாகவே கிடைப்பது. நானோகுழாய் வலையின் குறை, அதன் தடை இன்னும் அதிகமாக இருப்பது. தடையைக் குறைக்கப் படலத்தைத் தடிப்பாக்கினால் ஒளி குறையும். நைட்ரிக் அமிலம் போன்றவற்றால் வினைப்படுத்தினால் தடை குறையும், ஆனால் அந்தப் பயன் காற்றிலும் ஈரத்திலும் நாளடைவில் மறைந்துவிடும். எத்தனை நாளில், எந்த ஈரப்பதத்தில், எந்த அளவுக்கு என்பவை உண்மையான ஆய்வுக் கேள்விகள்.

இங்கேதான் நெய்யாற்றின்கரையின் மழை உரையாடலுக்குள் வருகிறது. இடவப்பாதியில் தென்மேற்குப் பருவமழை, துலாவர்ஷமாக வடகிழக்குப் பருவமழை என ஆண்டில் இருமுறை நனையும் நிலம் இது. மேற்கே பொழியூர்க் கரையில் உப்புக்காற்று. கிழக்கே ரப்பர்த் தோட்டங்களின் நிழலும் ஈரமும். கரிமக் கலத்தின் பெரும்பகைவர்கள் நீராவியும் ஆக்சிஜனும் புறஊதா ஒளியும்; மூன்றும் ஒரே முற்றத்தில் கிடைக்கின்றன. துளைகளைக் கடத்தப் பயன்படும் வழக்கமான பாலிமர் அடுக்கு ஒன்று அமிலத் தன்மையும் ஈரத்தை உறிஞ்சும் இயல்பும் உடையது. அது அருகிலுள்ள இண்டியம் டின் ஆக்சைடையே அரிக்கிறது. நைட்ரஜன் பெட்டிக்குள் ஒருநாள் அளக்கப்பட்ட திறன், இந்த முற்றத்தைப் பற்றி எதையும் சொல்வதில்லை. அமெரிக்காவில் 2001இல் தொடங்கி, நெகிழும் கரிமக் கலங்களை விற்ற கொனார்கா நிறுவனம் 2012இல் திவாலானது. திறனும் ஆயுளும் விலையும் ஒருசேரச் சிலிக்கானுடன் போட்டியிட இயலாத ஒரு தொழில்நுட்பம் சந்தையில் எப்படி முடியும் என்பதற்கு அது சான்று.

நெய்யாற்றின்கரை வட்டத்திலேயே மற்றொரு சான்று இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் முயற்சியில் 1991இல் விழிஞ்ஞத்தில் 150 கிலோவாட் கடலலை மின்நிலையம் அமைந்தது. உலகின் தொடக்ககால அலைமின் நிலையங்களுள் அது ஒன்று. அதிலிருந்து பயனுள்ள அளவீடுகள் கிடைத்தன. பின்னர் அது கைவிடப்பட்டது. ஒரு கருவி இயங்குகிறது என்று காட்டுவதும், அது பத்தாண்டுகள் ஓரிடத்தில் நிற்கும் என்று காட்டுவதும் வெவ்வேறு பணிகள் என்பதை அந்தக் கடற்கரை அறியும்.

2011இல் பல நாட்டு ஆய்வாளர்கள் கூடிக் கரிமக் கலங்களின் நிலைத்தன்மையை அளக்கும் ஒருமித்த நெறிமுறைகளை வெளியிட்டனர். அவற்றுள் திறந்தவெளியில் இயற்கை ஒளியில் அளக்கும் முறையும் ஒன்று. அதற்குக் கையுறைப் பெட்டி தேவையில்லை. ஒளியளவை அறிய ஒரு சிலிக்கான் ஒப்பீட்டுக் கலம், வெப்பமும் ஈரப்பதமும் பதியும் உணரி, மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் குறிக்கும் எளிய சுற்று, அனைத்துக்கும் மேலாக ஓராண்டுப் பொறுமை ஆகியவை போதும். முழுக் கலம் செய்ய வசதியில்லாத துறையும்கூட நானோகுழாய்ப் படலத்தை மட்டும் பூசி, அதன் தடையை நான்முனை ஆய்வியால் வாரந்தோறும் அளக்கலாம். நான்முனை ஆய்வி பல இயற்பியல் துறைகளின் முதுகலை ஆய்வகத்தில் ஏற்கெனவே இருக்கிறது. ஆனியில் தொடங்கிய அளவீடு மறு வைகாசியில் முடியும்போது, குளிரும் வறட்சியும் நிறைந்த நாட்டின் எந்தச் செல்வந்த ஆய்வகத்திடமும் இல்லாத ஒரு வளைவு அந்த மாணவரிடம் இருக்கும். பத்துக் கலங்களில் எட்டு செத்துப்போனாலும், எந்த வாரத்தில், எந்த மழைக்குப் பின், எந்த அடுக்கு முதலில் கெட்டது என்று எழுதப்பட்ட பதிவு, "30 சதவீத முன்னேற்றம்" என்னும் எண்ணைவிட நெடுங்காலம் நிலைக்கும்.

பாதுகாப்புப் பற்றிய கேள்வியும் இந்த நிலத்துக்கே உரியது. 2008இல் வெளியான ஓர் ஆய்வு, நீண்ட, விறைப்பான பல்சுவர் நானோகுழாய்கள் எலிகளின் உடலில் ஆஸ்பெஸ்டாஸ் இழைகளைப் போன்ற அழற்சியை உண்டாக்குவதைக் காட்டியது. 2014இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, ஒரு குறிப்பிட்ட பல்சுவர் நானோகுழாய் வகையை மனிதர்க்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம் என்னும் பிரிவில் சேர்த்தது. பிற வகைகளைப் பற்றி முடிவுகூறப் போதிய சான்று இல்லை என்றது. படலத்துக்குள் பிணைந்திருக்கும் குழாய் காற்றில் பறக்கும் தூளுக்கு நிகரானதன்று. ஆயினும் கூரையில் பிளந்த ஒரு கலத்தின் மேல் இரண்டு பருவம் மழை பெய்தால், ஓட்டிலிருந்து வழியும் நீர் முற்றத்துக் கிணற்றின் பக்கமே செல்லும். ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளைப் பாதுகாப்பானவை என்று நம்பி வேய்ந்த ஊர்களுக்கு, அடுத்த பொருளைக் கொண்டுவருவோர் இதையும் முன்கூட்டியே அளந்து காட்டக் கடமைப்பட்டவர்கள். வடிந்த நீரைச் சேகரித்துச் சோதிப்பதும் மேற்சொன்ன ஓராண்டு அளவீட்டின் பகுதியாக வேண்டும்.

1956 நவம்பர் 1ஆம் நாள் மாநில எல்லை வரையப்பட்டபோது விளவங்கோடு வட்டம் அன்றைய சென்னை மாநிலத்துக்கும், நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்துக்கும் சென்றன. அதனால் களியக்காவிளைக்கு இப்பக்கக் கல்லூரிகள் கேரளப் பல்கலைக்கழகத்தின் கீழும், அப்பக்கக் கல்லூரிகள் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழும் இயங்குகின்றன. பாடத்திட்டங்கள் வேறு, பயிற்றுமொழியும் பலவிடங்களில் வேறு. பெய்யும் மழை ஒன்றே. இரு பக்கத்துத் துறைகளும் ஒரே வகைப் படலத்தை, ஒரே நெறிமுறைப்படி, ஒரே நாளில் தத்தம் கூரையில் ஏற்றினால், பாப்பனங்கோட்டிலிருந்து மார்த்தாண்டம் வரையிலான நெடுஞ்சாலை ஓர் அளவீட்டுக் களமாகும். உள்ளறை விளக்கொளியில் இயங்கும் சாயமேற்றிய மின்கலங்களில் என்.ஐ.ஐ.எஸ்.டி. பணியாற்றி வருவது இவ்வகையில் ஒரு நல்ல குறிப்பு. மழை படாத இடத்தில், சிலிக்கான் சிறக்காத மங்கிய ஒளியில், கலத்தின் பலவீனம் வெளிப்படாத பயனைத் தேர்ந்தெடுத்தது அறிவுடைமை. கூரைக்கு வர விரும்பும் கலம் அந்தச் சலுகையை எதிர்பார்க்க இயலாது.

நெறியாளர்கள் செய்யக்கூடியது மிகச் சிறிது; ஆனால் அது அவர்களால் மட்டுமே இயல்வது. அடுத்து வரும் மாணவரிடம் முன்னேற்றச் சதவீதத்தைக் கேட்பதற்கு முன், ஒப்பீட்டுக் கலத்தின் திறனையும், செய்யப்பட்ட கலங்களின் எண்ணிக்கையையும், அவை மழைக்குப் பின் எத்தனை நாள் உயிரோடிருந்தன என்பதையும் கேட்கலாம். கலம் செத்த கதையையும் ஆய்வேடாக ஏற்கலாம். அவ்வாறு ஏற்கும் ஒரு துறை உருவானால், பாறசாலையின் ஓட்டுவீட்டிலிருந்து வரும் ஒரு மாணவி தன் வீட்டுக் கூரையைப் பற்றியே ஐந்தாண்டுகள் ஆராய்ந்து, உண்மையான ஒரு விடையுடன் வீடு திரும்பலாம். அந்த விடை "இந்தக் கலம் இங்கே நிற்காது" என்பதாகவே இருந்தாலும், அடுத்தவர் தொடங்க வேண்டிய இடத்தை அது காட்டியிருக்கும்.